அண்ணிக்கு வந்திருப்பது நோயா, நடிப்பா?

குடியாத்தத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். கூட்டுக் குடும்பம். அண்ணனுக்குப் பெங்களூரில் வேலை, சனி ஞாயிறு மட்டும் வந்து போகிறார். அண்ணிக்கு 29 வயது, ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. நாலு பேர் கூடிப் பேசும் இடத்தில் பேச்சு தன் பக்கம் திரும்பாவிட்டால் அண்ணிக்கு முகம் மாறிவிடுகிறது. நாத்தனாரின் வளைகாப்பில், சரியாக வளையல் போடும் நேரத்தில் மயங்கி விழுந்திருக்கிறார். புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுப் பெண்ணை ‘என் உடன்பிறவாத அக்கா’ என்றவர், பத்து நாளில் அவளைத் துரோகி என்கிறார். அழுத கண்ணீர் காய்வதற்குள் சிரிப்பு. ஒருமுறை ‘நான் போய்ச் சேர்ந்தாதான் உங்களுக்கெல்லாம் புரியும்’ என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டாராம். மாமியார் எல்லாமே நடிப்பு என்கிறார். கேட்டவர் இணையத்தில் தேடி ‘ஹிஸ்ட்ரியானிக் ஆளுமைக் கோளாறு’ என்ற பெயரைப் பிடித்திருக்கிறார். இது எதனால் வருகிறது, இதன் குணங்கள் என்ன, குழந்தைக்கும் வருமா என்பது அவர் கேள்வி.

மேலுக்குக் காரணத்தைக் கேட்பது போல இருக்கிறது. உள்ளே இருப்பது, இதில் குற்றம் யாருடையது என்ற கேள்வி. வேண்டுமென்றே செய்கிறார் என்றால் கோபப்படலாம். நோய் என்றால் பொறுத்துப் போகலாம். வீட்டில் இருப்பவர்களுக்கு இரண்டில் ஒன்றை யாராவது உறுதியாகச் சொன்னால் போதும் என்றிருக்கும். அந்த உறுதியை என்னால் தர முடியாது. ஏன் முடியாது என்பதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நான் மருத்துவ உளவியலாளன். வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில், 1989 பிரிவினைக்கு முன்பே, வேலைக்குச் சேர்ந்து வேலூரிலேயே ஓய்வு பெற்றேன். மருந்து எழுதித்தரும் டாக்டர் இல்லை. உங்கள் அண்ணியைப் பார்த்ததும் இல்லை. அதனால் அவருக்கு இந்தக் கோளாறு இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லப் போவதில்லை. கொழுந்தன் எழுதிய பத்து வரியை வைத்து அப்படிச் சொல்கிறவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் நம்பாதீர்கள்.

முதலில் உறுதியாகத் தெரிந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடான டி.எஸ்.எம். இந்தக் கோளாறுக்கு எட்டு அடையாளங்களைச் சொல்கிறது. அவற்றில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும். தான் கவனத்தின் நடுவில் இல்லாதபோது இருப்புக் கொள்ளாமை. இடம் பொருள் பாராமல் மயக்கும் விதமாகப் பேசுவது, பழகுவது. சட்டென மாறும், ஆழமில்லாத உணர்ச்சிகள். கவனத்தை இழுக்கத் தோற்றத்தையே தொடர்ந்து பயன்படுத்துவது. பெரிய வார்த்தைகள் நிறைந்த, ஆனால் விவரமில்லாத பேச்சு. எதையும் நாடகமாக மிகைப்படுத்திக் காட்டுவது. பிறர் சொல்லுக்கும் சூழ்நிலைக்கும் எளிதில் இழுபடுவது. உறவுகளை இருப்பதைவிட நெருக்கமானதாக நினைத்துக்கொள்வது. பட்டியலைப் படித்ததும் நம் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் நினைவுக்கு வருவார்கள். அதனால்தான் கையேடு இன்னொரு நிபந்தனையும் போடுகிறது. இது வாலிப வயதிலேயே தொடங்கி, வீடு, வேலை, நட்பு என்று பல இடங்களிலும் ஒரே மாதிரி தொடர வேண்டும். அவருக்கோ வாழ்க்கைக்கோ உண்மையான பாதிப்பைத் தர வேண்டும். அவர் வாழும் பண்பாட்டின் எதிர்பார்ப்பிலிருந்து தெளிவாக விலகியும் இருக்க வேண்டும். மாமியார் வீட்டில் மட்டும் வருவது, தாய் வீட்டில் வராதது என்றால் அது ஆளுமை விஷயமே இல்லை. அந்த வீட்டு விஷயம்.

எட்டில் அதிகம் பேசப்படாதது அந்த விவரமில்லாத பேச்சு. எனக்கு அது ஒன்றுதான் அறைக்குள்ளேயே கண்ணுக்குத் தெரிகிற அடையாளம். பலரையும் கலந்து, ஆள் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். கல்யாணமாகி சில வருடமான ஒரு பெண். “எங்க வீட்டுக்காரர் தெய்வம் சார். அப்படி ஒரு மனுஷனை உலகத்துல பார்க்க முடியாது” என்றார். சரி, அவர் செய்ததில் உங்களுக்குப் பிடித்தது ஒன்று சொல்லுங்கள் என்றேன். “எல்லாமே சார், எதைச் சொல்ல!” போன ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தார்? “ஐயோ, அன்னைக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்தோம் தெரியுமா!” எங்கே போனார்கள், என்ன சாப்பிட்டார்கள், யார் என்ன சொன்னார்கள், எதுவும் வரவில்லை. அரை மணி நேரம் கழித்து அதே கணவர் கல்நெஞ்சக்காரராகிவிட்டார். அதற்கும் ஒரு சம்பவம் கேட்டேன், வரவில்லை. பொய் சொல்கிறவர் விவரத்தை ஜோடிப்பார். இவரிடம் ஜோடித்த விவரம்கூட இல்லை. உணர்ச்சியின் நிறம் மட்டும் மனதில் தங்கி, நடந்தது தங்காமல் போயிருந்தது. அந்த நேரத்தில் அந்த அழுகை அவருக்கு முழு உண்மை. பார்ப்பவர்களுக்குத்தான் பொய்யாகத் தெரிகிறது, ஏனென்றால் அது அவ்வளவு சீக்கிரம் போய்விடுகிறது. உங்கள் அம்மா நடிப்பு என்று சொல்வதும் இந்த வேகத்தைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன். நடிக்கிறவருக்குத் தான் நடிப்பது தெரியும். இவர்களில் பலருக்குத் தெரிவதில்லை.

பிறர் சொல்லுக்கு எளிதில் இழுபடுவதையும் வீட்டார் கவனிப்பதில்லை, அது யாருக்கும் தொந்தரவாகத் தெரியாததால். ஆனால் பணத்தை இழப்பது அதனால்தான். சீட்டு பிடிப்பவர், புதுசாக வந்த ஜோசியர், ‘உங்களைப் பார்த்தாலே தெரிகிறது, நீங்கள் சாதாரண ஆள் இல்லை’ என்று ஆரம்பிக்கும் யாராக இருந்தாலும் இப்படிப்பட்டவரை எளிதாக இழுத்துவிடுவார்கள்.

இதில் நம் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வட ஆற்காடு கூத்து மண். திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில் விடிய விடிய அழுது, ஆர்ப்பரித்து, மண்ணில் புரண்டுவிட்டு, காலையில் வேஷத்தைக் கலைத்து டீ குடிக்கிற மனிதருக்கு உணர்ச்சியின் மேல் எவ்வளவு கட்டுப்பாடு இருக்க வேண்டும்! சத்தமாகப் பேசுவது, கையை ஆட்டிப் பேசுவது, சாவு வீட்டில் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பது எல்லாம் நமக்குப் பழக்கப்பட்ட மொழி. வைகாசி முதல் தேதி உங்கள் ஊர்க் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் கூட்டத்தோடு அருள் வந்து ஆடுகிறவர்களை யாராவது ஆளுமைக் கோளாறு என்றால் அவருக்கு ஊரும் தெரியாது, கையேடும் தெரியாது. அந்த நாளில், அந்த இடத்தில், எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒன்று அது. அந்த நேரம் கழிந்தும், சமையல்கட்டிலும் ஆபீசிலும் பஸ்ஸிலும் அதே வேகம் தொடர்ந்து, அதனால் வேலையும் உறவும் கெடும்போதுதான் என் போன்றவர்களுக்கு வேலை.

மயக்கத்தைத் தனியாகப் பாருங்கள். அது மேலே சொன்ன எட்டில் இல்லை. பழைய காலத்தில் ‘ஹிஸ்டீரியா’ என்ற ஒரே மூட்டைக்குள் மயக்கம், வலிப்பு மாதிரி வருவது, குரல் போவது, குணம் எல்லாவற்றையும் போட்டுக் கட்டியிருந்தார்கள். 1980-ல் வந்த டி.எஸ்.எம். மூன்றாம் பதிப்பு அதைப் பிரித்தது. மன அழுத்தம் உடலில் வெளிப்படும் நிலைகள் ஒரு பக்கம் போயின, ஹிஸ்ட்ரியானிக் ஆளுமை இன்னொரு பக்கம். இரண்டும் ஒருவரிடம் சேர்ந்து வரலாம், ஆனால் ஒன்று இருந்தால் மற்றது இருக்கும் என்று கணக்குப் போடக் கூடாது. அதற்கும் முன்னால், மயக்கம் என்றால் ரத்தசோகை, சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயத் துடிப்பு, வலிப்பு நோய் இவற்றைப் பார்த்தாக வேண்டும். வளைகாப்பில் காலையிலிருந்து சாப்பிடாமல் நின்று வேலை பார்த்தவர் மயங்கி விழ மனநோய் தேவையில்லை. நேரம் மட்டும் சந்தேகத்துக்கு இடமாக இருப்பதால் நடிப்பு என்று முடிவு கட்டி, உடல் நோயைக் கோட்டைவிட்ட குடும்பங்கள் உண்டு. தைராய்டு கூடினாலும் உணர்ச்சி நிலைகொள்ளாது. இன்னொன்று, நாற்பது ஐம்பது வயதுவரை அமைதியாக இருந்தவர் திடீரென்று இப்படி மாறினால் அது ஆளுமைக் கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. மூளையையும் மனநிலைக் கோளாறுகளையும்தான் முதலில் தேட வேண்டும்.

இப்போது காரணம். இங்கேதான் தரை வழுக்கும். பிறவியிலேயே வரும் சுபாவத்துக்குப் பங்கு இருக்கிறது என்பது ஏறக்குறைய உறுதி. எவ்வளவு பங்கு என்பதில்தான் குழப்பம். நார்வேயில் இரட்டையர்களை வைத்துச் செய்து 2000-ல் வெளிவந்த ஆய்வு, மரபணுவின் பங்கை ஏறக்குறைய மூன்றில் இரண்டு என்றது. அதே நாட்டில் வேறு இரட்டையர்களை வைத்து 2008-ல் வந்தது, மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் இறங்கிவிட்டது. எதுவானாலும் பரம்பரையாக வருவது நோயல்ல, சுபாவம்: சட்டென்று கிளர்ந்தெழும் மனம், புதுமைமேல் ஆசை, பாராட்டுக்கு ஏங்குவது. இதே சுபாவத்தோடு பிறந்து நல்ல மேடைப் பேச்சாளரானவர்களும் உண்டு, வகுப்பறையைக் கட்டிப்போடும் டீச்சரானவர்களும் உண்டு.

வளர்ப்பின் பக்கம் சொல்லப்படுவது நிறைய, நிரூபிக்கப்பட்டது குறைவு. ஃபிராய்டின் வழி வந்தவர்கள் சிறுவயதில் தாய் தந்தையோடு ஏற்பட்ட சிக்கலைச் சொன்னார்கள். படிக்க நன்றாக இருக்கும், சோதித்துப் பார்க்க வழியில்லை. நான் அதிகம் நம்புவது கற்றல் கோட்பாட்டுக்காரர்கள் சொல்வதை. ஒரு குழந்தை சும்மா இருக்கும்போது யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை; காய்ச்சல் வந்தால், ஆடிக் காட்டினால், விழுந்து புரண்டால் மட்டும் வீடே கூடுகிறது. அதுவும் எல்லா நேரமும் இல்லை, சில நேரம். எப்போதும் பலன் தரும் பழக்கத்தைவிட எப்போதாவது பலன் தரும் பழக்கம்தான் விடாது. இது சோதனைக்கூடத்தில் திரும்பத் திரும்ப உறுதியான விஷயம். மீன் சிக்காத நாளிலும் தூண்டில்காரர் ஏரிக்கரையைவிட்டு எழுந்து போகாதது இதனால்தான். குழந்தைப் பருவத்தில் பட்ட கொடுமை, புறக்கணிப்பு, பெற்றோரில் ஒருவரே இப்படி நடந்து அதைப் பார்த்து வளர்வது, இவையும் காரணப் பட்டியலில் வருகின்றன. ஆனால் இந்தத் தகவல்களில் பெரும்பாலானவை, வளர்ந்துவிட்டவர்களிடம் அவர்கள் சிறுவயதைக் கேட்டு எழுதியவை. விவரம் தங்காமல் நிறம் மட்டும் தங்குகிற மனதிடம் இருபது வருடத்துக்கு முந்தைய கதையைக் கேட்டால் என்ன கிடைக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். ஆகவே ‘அவங்க அம்மா வீட்டு வளர்ப்பு சரியில்லை’ என்று உங்கள் வீட்டில் யாராவது இந்தப் பதிலை வைத்துப் பேசினால், நான் அப்படிச் சொல்லவில்லை.

இன்னும் சந்தேகத்துக்கு உரியது, இப்படி ஒரு தனி நோய் இருக்கிறதா என்பதே. இதன் அடையாளங்கள் பார்டர்லைன் (உணர்ச்சியும் உறவும் நிலைகொள்ளாதது), சுயமோக, சமூகவிரோத (பிறர் உரிமையை மதிக்காதது) ஆளுமைக் கோளாறுகளோடு மிகவும் கலந்து கிடக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் பழைய நோய்ப் பட்டியலான ஐ.சி.டி. பத்தாம் பதிப்பில் இதற்கு எஃப் 60.4 என்று தனி எண் இருந்தது. 2022-ல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பு இந்தப் பெயரையே எடுத்துவிட்டது. ஆளுமைக் கோளாறு லேசானதா, நடுத்தரமா, கடுமையானதா என்று பார்த்து, அதன்மேல் சில குணப்போக்குகளைக் குறிப்பதுதான் இப்போதைய முறை. டி.எஸ்.எம். ஐந்தாம் பதிப்பு பழைய பெயரை வைத்திருக்கிறது. ஆனால் அதே புத்தகத்தின் பின்பகுதியில் தந்திருக்கும் மாற்று முறையில் ஆறு ஆளுமைக் கோளாறுகள்தான் இருக்கின்றன, அந்த ஆறில் இது இல்லை. நீங்கள் இணையத்தில் பிடித்த பெயர், துறைக்குள்ளேயே பாதி பேர் கைவிட்டுவிட்ட பெயர்.

பெண்கள்மேல் இந்தப் பெயரை ஒட்டும் பழக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்காவில் 2001-02-ல் 43,000-க்கும் மேற்பட்டவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில் 1.84 சதவீதத்தினருக்கு இது இருந்தது. ஆண், பெண் விகிதத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் மருத்துவமனைக் கோப்புகளில் பெண்கள்தான் அதிகம். ஃபோர்ட், விடிகர் என்ற இருவர் 1989-ல் வெளியிட்ட ஆய்வில் உளவியலாளர்களுக்கு எழுதிய கேஸ் விவரங்களைக் கொடுத்தார்கள், பாலினத்தை மட்டும் மாற்றி. சமூகவிரோத ஆளுமைக்கான விவரமே இருந்தும், பெண் என்று போட்டிருந்த தாளில் பலர் ஹிஸ்ட்ரியானிக் என்று எழுதினார்கள். நம் பக்கம் இதை நான் வேறுவிதமாகப் பார்த்திருக்கிறேன். காட்பாடியில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, கலெக்டர் என் நண்பர், மந்திரி எனக்கு நேரில் போன் செய்வார் என்று தினம் ஒரு கதை, தங்க முலாம் பூசிய கடிகாரம், நேற்றுச் சந்தித்தவரைக் கட்டிப்பிடித்து ‘மச்சான்’, கேட்க ஆளில்லை என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வது. இப்படிப்பட்ட ஆணை ஊர் ‘ஜாலியான ஆளு’ என்று சொல்லிவிடும். அதையே அவர் மனைவி செய்தால் மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். உங்கள் வீட்டிலும், உங்கள் அண்ணன் கவனம் கேட்டுக் கத்தினால் அது என்னவாக எடுத்துக்கொள்ளப்படும் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அந்தக் கதவைச் சாத்திய சம்பவத்துக்கு வருகிறேன், இது எல்லாவற்றையும்விட அவசரம். ‘சும்மா மிரட்டுகிறாள்’ என்று ஒருபோதும் விடாதீர்கள். கவனத்துக்காகச் சொன்னவர் சாகமாட்டார் என்பது பொய். பாதி மனதோடு செய்து, காப்பாற்ற நேரமில்லாமல் போனவர்களை இந்த மாவட்டத்து மருத்துவமனைகள் நிறையப் பார்த்திருக்கின்றன. அப்படிப் பேசினால் அருகில் உட்கார்ந்து, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. மாத்திரை, பூச்சிமருந்து போன்றவற்றைக் கைக்கு எட்டாமல் வையுங்கள், அன்று தனியாக விடாதீர்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. எந்த நேரமும் தமிழில் பேசலாம். ஏதாவது செய்துகொண்டால் போலீஸ் கேஸாகும் என்று பயந்து மறைக்க வேண்டாம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் பார்க்கச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை.

சிகிச்சையைப் பற்றிச் சுருக்கமாக. இதற்கென்று மாத்திரை கிடையாது. கூடவே மனச்சோர்வோ பதற்றமோ இருந்தால் அதற்கு மருந்து உதவும். பிறர் கவனம் குறையும் காலத்தில் இவர்களுக்கு மனச்சோர்வு வருவது சகஜம். மற்றபடி பேச்சு சிகிச்சைதான், அதுவும் மாதக்கணக்கில். இதற்கென்று நடந்த சிகிச்சை ஆய்வுகள் குறைவு, அதனால் இவ்வளவு நாளில் குணமாகும் என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். வீட்டில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மயங்கினால் கூடுகிற கூட்டம், மயங்காத நாளிலும் பத்து நிமிடம் அவரோடு உட்கார வேண்டும். சாதாரண செவ்வாய்க்கிழமை மத்தியானம், அவர் சும்மா கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது போய்ப் பேசுங்கள், பேச்சில் விவரம் கேளுங்கள்: அந்தக்கா என்ன சொன்னாங்க அண்ணி, அப்புறம் நீங்க என்ன சொன்னீங்க? மயங்கும்போது பாதுகாப்பாகப் படுக்க வையுங்கள், ஒருவர் மட்டும் அருகில் இருக்கட்டும், தெருவைக் கூட்டாதீர்கள். முதல் சில வாரங்கள் கூத்து கூடத்தான் செய்யும், பழைய பலன் ஏன் வரவில்லை என்று. பல வீடுகளில் அந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள்.

குழந்தை விஷயத்தில் பயம் வேண்டாம். ஆறு வயதில் எல்லாக் குழந்தையும் மேடை கேட்கும், அது வயது. பதினெட்டுக்குக் கீழே ஆளுமைக் கோளாறு என்று எழுதவே டாக்டர்கள் தயங்குவார்கள். சுபாவம் கொஞ்சம் வரலாம்; நோய் வந்தே தீரும் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ‘அம்மா மாதிரியே நடிக்கிறா பாரு’ என்று அந்தப் பெண்ணின் காதுபட யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே போவது? வேலூரில் சி.எம்.சி.யின் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது. அங்கே உள்நோயாளியாகச் சேர்ந்தால் குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்குவது வெகுகால வழக்கம், இப்படிப்பட்ட பிரச்சினைக்கு அது பொருத்தமானதும்கூட. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் உங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்கு எந்த நாளில் வருகிறார் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். அண்ணியிடம் ஆளுமைக் கோளாறு என்ற பேச்சே எடுக்க வேண்டாம். மயக்கத்துக்குப் பார்க்கலாம், தூக்கம் சரியில்லைன்னா அதையும் கேட்கலாம் என்று கூப்பிட்டால் வருவார். அதில் பொய்யும் இல்லை. போவதற்கு முன் ஒரு மாதம் நோட்டில் எழுதுங்கள்: மயக்கமோ அழுகையோ வந்த கிழமை, நேரம், அதற்கு முன் நடந்தது, சாப்பிட்டாரா, மாதவிலக்கு நாளா. ஞாயிறு சாயங்காலம் அண்ணன் பெங்களூர் ரயிலுக்குக் கிளம்பும் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

கூட்டிப் போக வேண்டியது நீங்கள் இல்லை தம்பி, உங்கள் அண்ணன். நீங்கள் எழுதியதில் மாமியார் பேசுகிறார், நீங்கள் பேசுகிறீர்கள், பக்கத்து வீட்டுப் பெண்கூட வருகிறார். அண்ணன் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரி இல்லை. ஒரு திங்கட்கிழமை லீவு போடச் சொல்லுங்கள். டாக்டர் முதலில் கேட்கப்போவது அவரைத்தான்.